ஊவாவுக்கு ஒரு சனிக்கிழமை மாலை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் வெள்ளிக்கிழமை வெளியான படத்தை அன்றிரவே பார்த்துவிட்டு, மறுநாள் மாலை ஓர் இசை நிகழ்ச்சிக்கும் போய்வர நினைத்தால் அவர்கள் பார்க்க வேண்டியது செலவுக் கணக்கு ஒன்றைத்தான். காசு இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். அதே ஆசை பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு வந்தால் கணக்கு வேறு. சனிக்கிழமையும் அவளுக்கு வேலை நாள். கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, மலையிறங்கி லயனுக்கு வந்து, அடுப்பை மூட்டி, பிள்ளைகளைக் கவனித்து முடிப்பதற்குள் பதுளைக்குப் போகிற பஸ் போயிருக்கும். எப்படியாவது போய்விட்டாலும் படம் முடியும் நேரத்தில் திரும்பி வர வண்டி கிடையாது. கொழும்புக்குப் போவது அதைவிடப் பெரிய காரியம். பாதை சீராக இருக்கும் காலத்திலேயே பதுளையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர், பத்து மணி நேரம். வெள்ளி இரவு ரயில் ஏறினால் சனிக்கிழமைப் பேர், அதாவது அன்றைய நாட்கூலி, போய்விடும். ஞாயிறு இரவு நிகழ்ச்சி முடித்துத் திரும்பினால் திங்கட்கிழமைப் பேரும் போய்விடும். நுழைவுச்சீட்டுக்கு ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்னரே இரண்டு நாள் சம்பளம் கரைந்திருக்கும்.

பதுளையை உள்ளடக்கிய ஊவா மாகாணத்தின் தோட்டங்களில் பணம் குறைவு என்பதை எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் பணத்தைவிடவும் அங்கே அரிதாக இருக்கும் இன்னொன்றை எந்த அறிக்கையும் கணக்கெடுப்பதில்லை. அது மாலைப்பொழுது. வேலை முடிந்த உடம்போடு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, வெளிச்சமான ஓரிடத்துக்குப் போய், முன்பின் தெரியாத நூறு பேரோடு உட்கார்ந்து ஒரு கதையையோ பாட்டையோ அனுபவித்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பக்கூடிய சில மணி நேரத்தைத்தான் மாலை என்கிறேன். நகரத்தில் அது தானாக வாய்ப்பதுபோலத் தோன்றும். உண்மையில் பஸ் சேவை, தெருவிளக்கு, மண்டபம், வேலை நேரச் சட்டம், பெண்கள் பயமில்லாமல் நடக்கும் வீதி என்று பல தலைமுறைகளின் பொதுப்பணத்தில் உருவாக்கப்பட்டது அது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் 8,15,405 பேரில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் இந்திய வம்சாவளித் தமிழர்கள். அவர்களில் பெரும்பாலானோர் வாழும் தோட்டங்களுக்கு அப்படியொரு மாலையை யாரும் உருவாக்கிக் கொடுக்கவில்லை. பாடசாலையும் வைத்தியசாலையும் போல அதுவும் பொதுச்செலவில் அமைய வேண்டிய ஒன்று என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்த மக்களுக்கு ஒரு காலத்தில் மாலை இருந்தது. அதை யாரும் கொடுக்கவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டார்கள். மாசி மாதத்து அமாவாசை கழிந்ததும் தோட்டத்து வெளியில் காமன் கம்பம் ஊன்றப்படும். அன்றிலிருந்து பௌர்ணமியை ஒட்டி வரும் காமன் தகனம் வரை ரதியும் மன்மதனும் லயன் லயனாக ஆடிவருவார்கள். கடைசி இரவில் தூதனும் வீரபத்திரனும் எமனும் இறங்க, விடியும்வரை தோட்டம் முழுவதும் கண்விழித்திருக்கும். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இதே மண்ணில் இரவிரவாக ஆடப்பட்டவை. இவற்றுக்கு நுழைவுச்சீட்டு இல்லை, கூரை இல்லை, துரையின் அனுமதியைத் தவிர வேறு அனுமதியும் இல்லை. இந்தக் கூத்துகளில் ஒலித்த தப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் அணிவகுப்புக்கு, எழுப்புவதற்குத் தோட்டங்களில் அடிக்கப்பட்டதும் தப்புத்தான். காலையில் நிர்வாகத்தின் கருவியாக இருந்த தோலை, இரவில் தங்கள் கருவியாக மாற்றிக்கொண்டார்கள். நாளின் ஒரு பகுதியாவது தங்களுடையது என்று ஒரு சமூகம் அறிவித்த முறையாகவே நான் அதைப் பார்க்கிறேன். மலைநாட்டு மக்களின் பாடல்களை ஆண்டுக்கணக்கில் தேடித் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளைக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. வேலையில் பிறந்த பாட்டையும் வேலையை மறக்கப் பிறந்த பாட்டையும் அவர் ஒரே மதிப்போடு எழுதிவைத்தார்.

இந்தக் கூத்துகளைப் பழம்பெருமையாகப் போற்றுவது என் நோக்கமில்லை. காமன் கூத்தில் ரதியாக ஆடியவரும் ஆண்தான். பெண்கள் பார்வையாளர்களாகவே இருந்தார்கள். சாதி வேறுபாடு கூத்துக் களத்திலும் இருந்தது. தப்பை அடிப்பவர் யார், கம்பத்தைத் தொடுபவர் யார் என்பதில் அது வெளிப்பட்டது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அந்த இரவுகள் இன்றைய நிலைமையைவிட மேலானவை. கலை நடக்கும் இடத்துக்கும் லயனுக்கும் இடையே பஸ் தேவைப்படவில்லை. காலால் நடந்து போகும் தூரத்தில் மேடை இருந்தது, பாட்டியும் கைக்குழந்தையும் அங்கே வர முடிந்தது.

சினிமா வந்தபோது மேடை நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. அப்போதும் தோட்ட மக்கள் வெறும் பார்வையாளர்களாக நின்றுவிடவில்லை. இலங்கையில் 35 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படத்தின் பெயரே ‘தோட்டக்காரி’. 1963இல் கிருஷ்ணகுமார் அதை இயக்கி வெளியிட்டார். இந்த நாட்டின் தமிழ் சினிமா தன் தொடக்கத்திலேயே யாழ்ப்பாணத்தையோ கொழும்பையோ அல்லாமல் தேயிலைத் தோட்டத்தைக் கதைக்களமாகத் தேர்ந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1975இல், தொழிற்சங்கவாதியான வி.பி. கணேசன் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்து நடித்தார். பிறகு 1978இல் ‘நான் உங்கள் தோழன்’, 1981இல் ‘நாடு போற்ற வாழ்க’ என்று தொடர்ந்தார். ‘புதிய காற்று’ வெளிவந்தது, கம்பனித் தோட்டங்களை அரசு கையகப்படுத்திய அதே ஆண்டில். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்திருந்தன. பெருந்தொகையானோர் பிரஜாவுரிமை இல்லாமல், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் யார் இருப்பது யார் போவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு தொழிற்சங்கக்காரர் சங்கக் கூட்டத்தோடு நிற்காமல் படம் எடுக்கப் போனார். கூலியும் குடியுரிமையும் கேட்கும் மக்களுக்குத் தங்கள் முகத்தைத் திரையில் காணும் உரிமையும் உண்டு என்று அவர் நினைத்தார் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

‘புதிய காற்று’ படத்துக்கு வசனம் எழுதிய தெளிவத்தை ஜோசப் ஊவாவின் பிள்ளை. 1934இல் பதுளைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்ததால் அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுப்புக்குச் சாகித்திய விருதும், 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருதும் பெற்றார். 2022இல் மறைந்தார். லயத்துப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்கிய காலத்தில் அதை இலக்கியமாக்கிய அந்தக் கை திரைக்கும் எழுதியது. ஆக, ஊவாவுக்குச் சினிமா என்பது வெளியிலிருந்து வந்து விழுந்த ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் வரலாறு அதை மறுக்கும். இந்த மாகாணம் திரைக்கு எழுத்தாளரைக் கொடுத்திருக்கிறது, கதையைக் கொடுத்திருக்கிறது. திரைதான் இந்த மாகாணத்துக்கு ஒன்றும் கொடுக்காமல் போனது.

போன விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1983 ஜூலையில் கொழும்பின் திரையரங்குகளும் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் தாக்கி எரிக்கப்பட்டபோது பல இலங்கைப் படங்களின் மூலச்சுருள்கள் சாம்பலாயின. அவற்றில் சிங்களப் படங்களும் அடங்கும். 27ஆம் திகதி வன்செயல் பதுளை நகரையும் எட்டி, தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதன் பிறகு பல ஆண்டுகள் ஒரு தமிழ்க் குடும்பம் இரவில் நகரத்துக்குப் போய்ப் படம் பார்த்துத் திரும்புவது துணிச்சல் வேண்டிய செயலாகிவிட்டது. தோட்டங்களில் டெக்கும் டீவியும் வாடகைக்கு வந்தன. திருவிழா இரவுகளில் மூன்று படங்கள் தொடர்ச்சியாக ஓடின. பின்னர் லயன் கூரைகளில் டிஷ் முளைத்தது, அதற்கும் பின்னர் கைத்தொலைபேசி. நாடு முழுவதும் 1970களின் இறுதியில் 350க்கும் மேல் இருந்த திரையரங்குகளில் பெரும்பகுதி மூடப்பட்டது. இந்த ஒவ்வொரு மாற்றத்திலும் பார்ப்பவர் கூட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. தோட்டம் முழுவதும் கூடிய களம், ஒரு லயனாகி, ஒரு வீடாகி, கடைசியில் ஒரு கையளவுத் திரையாகிவிட்டது.

ஆசை மட்டும் சிறுக்கவில்லை என்பதற்குத் தீபாவளி சாட்சி. தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் பதுளையும் பண்டாரவளையும் நிரம்பி வழியும். கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். துணிக்கடை, பட்டாசுக்கடை, அதற்கு அடுத்ததாகப் புதுப்படம். சென்னையில் வெளியாகும் நாளிலேயே இங்கும் வெளியாகும் படத்துக்காக, திருப்பிக் கட்ட வேண்டிய கடன் பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துவைக்கிறார்கள். அந்த முற்பணம் மாதா மாதம் சம்பளத்தில் கழிக்கப்படும் என்று தெரிந்தும் அதைச் செய்கிறார்கள். இதைப் பொறுப்பின்மை என்று கண்டிக்கும் உபதேசிகளை நான் ஏற்கமாட்டேன். ஆண்டில் ஒரு முறை மட்டும் ஒரு மனிதருக்கு மாலை கிடைக்கும் என்றால் அவர் அதற்குக் கடன்படத்தான் செய்வார்.

இரண்டாவது சாட்சி தோட்டத்துக் கோயில் திருவிழா. கரகமும் காவடியும் தேரும் முடிந்த இரவில் இசைக்குழு ஒன்று வந்து விடியவிடியப் பாடும். இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போட்டு, பல தோட்டங்களில் அதைச் சம்பளத்திலேயே பிடித்துச் சேர்த்து, மேடை, ஒலிபெருக்கி, மின்பிறப்பாக்கி, இசைக்குழுவின் சம்பளம், அவர்களுக்குச் சாப்பாடு என எல்லாவற்றையும் தொழிலாளரே கொடுக்கிறார்கள். நேரடி இசை நிகழ்ச்சி ஒன்றை நடத்தும் பொருளாதாரமும் ஒழுங்கும் தோட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? மாகாணத்தின் பொதுப்பணம் மட்டும்தான் அந்த மேடைக்கு வருவதில்லை.

அது ஏன் வரவில்லை என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருந்தது. 1948 நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. ஒரு மாதத்துக்குள், டிசம்பர் 10ஆம் திகதி, ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தை நிறைவேற்றியது. அதன் 24ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் ஓய்வும் ஓய்வுநேரமும் உண்டு என்றது. 27ஆம் உறுப்புரை சமூகத்தின் பண்பாட்டு வாழ்வில் தடையின்றிப் பங்குகொள்ளவும் கலைகளைத் துய்க்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்றது. பிரஜாவுரிமை பல தவணைகளில், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டு, ஒருவாறு திரும்பி வந்தது. ஆனால் வாக்குரிமை வந்த பிறகும் உள்ளூராட்சி வரவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான். பக்கத்துக் கிராமத்துக்குப் பொது மண்டபமும் நூலகமும் தெருவிளக்கும் கட்டிய அதே சபை, தனக்கு வாக்களித்த தோட்டத்தின் எல்லையில் நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகள் இப்படிக் கழிந்த பிறகு, “அங்கே கலை நிகழ்ச்சிக்கு வசதி இல்லையே” என்று கைவிரிப்பது நியாயமாகாது.

இந்த இடத்தில் மிகக் கனமான ஆட்சேபம் ஒன்று எழும், எழவும் வேண்டும். வீடு இல்லாதவருக்குப் படம் எதற்கு? 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது பதுளை மாவட்டத்தில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மலைநாட்டு ரயில் பாதையே பல இடங்களில் அறுந்தது. பாதுகாப்பான நிலத்தில் வீடு என்பது மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சம்பளமும் அப்படித்தான். 2024இல் 1350 ரூபாயாக்கப்பட்ட நாட்சம்பளத்தை, வருகைக்கான ஊக்கத்தொகையையும் சேர்த்து 1750 ஆக்குவதாக 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. நாலு பேர் சாப்பிடும் ஒரு வீட்டுக்கு அது போதாது.

ஆனால் ‘முதலில் வீடு, பிறகு கலை’ என்ற வரிசை எந்த ஊரில் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது? கொழும்பில் குடிசைகள் தீர்ந்த பிறகா தாமரைத் தடாகம் கலையரங்கு கட்டப்பட்டது? அந்த வரிசை தோட்ட மக்களுக்கு மட்டும்தான் நினைவூட்டப்படுகிறது. அதன் உட்பொருள், உழைக்கும் உடம்புக்குத் தேவையானது மட்டும் இவர்களுக்குப் போதும் என்பதே. வெள்ளைத் துரைமாரின் காலத்திலிருந்து லயன் அறையை வடிவமைத்த சிந்தனையும் இதுதான். படுக்க இடம், சமைக்க மூலை, விடிந்தால் பிரட்டு. அந்தச் சிந்தனையை எதிர்க்கிறவர்கள் வீட்டைக் கேட்கும்போதே மாலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. வீடமைப்புக்கான பணமும் கலாசாரத் திணைக்களத்தின் பணமும் வெவ்வேறு பெட்டிகளில் இருப்பவை. பதுளையில் பொதுச்செலவில் ஒரு திரையிடல் நடக்காததால் மீரியபெத்தைக்கு ஒரு செங்கல்கூட அதிகமாக வந்ததில்லை.

கைத்தொலைபேசியில் எல்லாம் கிடைக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். கிடைக்கிறது, உண்மை. மடூல்சீமையிலும் பூனாகலையிலும் இளைஞர்கள் சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடிப்போய் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆனால் தனியாகப் பார்ப்பதும் கூடிப் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதற்கு 2023 ஒரு நல்ல உதாரணம் தந்தது. புசல்லாவை நயப்பனைத் தோட்டத்துச் சிறுமி அசானி, ஊரார் உதவியோடு சென்னை போய் ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ மேடையில் பாடினார். மலையகம் முழுவதும் அந்தப் பாட்டைத் தொலைபேசியில் பார்த்தது. அதோடு மனம் நிறைந்துவிடவில்லை. அவர் திரும்பி வந்தபோது நேரில் காணவும் கேட்கவும் மக்கள் திரண்டார்கள். திரையில் நூறு முறை கேட்ட குரலை ஒரு முறை நேரில் கேட்க வேண்டும் என்பது பழமைவாதிகளின் பிடிவாதம் அல்ல, மனித இயல்பு. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அசானி பாடுவதற்கு மேடை தேடிக் கடல் கடக்க வேண்டியிருந்தது ஏன்? ஹாலிஎலையிலோ வெலிமடையிலோ இன்று பாடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு, சம்பளம் கொடுக்கும் ஒரு மேடையாவது தன் மாகாணத்துக்குள் இருக்கிறதா?

மூன்றாவது ஆட்சேபம் என்னோடு ஒத்த கருத்துள்ளவர்களிடமிருந்தே வருகிறது. மண்டபத்தையும் திரையையும் கட்டிக் கொடுத்தால் அதில் சென்னை நட்சத்திரப் படங்கள்தான் ஓடும், காமன் கூத்து அடியோடு அழிந்துவிடும் என்கிறார்கள். இந்தப் பயத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சந்தையிடம் விட்டால் அப்படித்தான் நடக்கும். 1972இல் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இந்தியப் பட இறக்குமதியைக் கையில் எடுத்துக் கட்டுப்படுத்திய ஆண்டுகளில்தான் ‘குத்துவிளக்கு’, ‘புதிய காற்று’, ‘பொன்மணி’, ‘வாடைக்காற்று’ எல்லாம் வந்தன என்பது தற்செயலாக இருக்க முடியாது. ஆனால் அதே உதாரணம் எதிர்ப்பக்கத்துக்கும் பேசுகிறது. அன்று திரையரங்குகள் இருந்தன. காட்டுவதற்கு இடம் இருந்ததால்தான் எடுப்பதற்கு ஆள் வந்தது. இடமே இல்லாத ஊரில் உள்ளூர்ப் படத்தைப் பாதுகாக்க என்ன இருக்கிறது? 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. போரில் சிதைந்த ஒரு நகரம், பெரிய அரங்குகள் இல்லாமலேயே, நாட்டின் மூன்று மொழிப் படங்களையும் வெளிநாட்டுப் படங்களையும் தன் மக்களுக்குக் காட்டுகிறது. பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’ 2023இல் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்றது. பொருளாதார நெருக்கடிக் காலத்து மலைநாட்டில் நடக்கும் கதை அது, அதன் மையத்தில் பொலிஸ் கையில் சிக்கும் தோட்டத் தமிழர்கள் இருக்கிறார்கள். அப்படியொரு படத்தின் முதல் காட்சிக்கு உலகில் மிகப் பொருத்தமான ஊர்களைப் பட்டியலிட்டால் பதுளை அதில் இருக்க வேண்டும். இயக்குநரும் நடிகர்களும் வந்து, படம் முடிந்ததும், இதில் எது சரி எது பிழை என்று தோட்டத்து மக்கள் எழுந்து கேட்கும் ஒரு மாலையை நினைத்துப் பார்க்கிறேன். அதுதான் முதல் காட்சி என்ற சொல்லுக்குத் தகுதியானது.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்ற கவலைக்கு யாழ்ப்பாணம் முற்றவெளி இரண்டு விடைகளைத் தந்திருக்கிறது. 2023 அக்டோபரில் சந்தோஷ் நாராயணன் அங்கே இலவசமாக நடத்திய ‘யாழ் கானம்’ நிகழ்ச்சிக்குப் பெருங்கூட்டம் வந்தது. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி அதே வெளியில் நடந்த ஹரிஹரன் நிகழ்ச்சியில் கட்டணப் பகுதியும் இலவசப் பகுதியும் தடுப்புகளால் பிரிக்கப்பட்டிருந்தன. பின்னால் நின்றவர்கள் தடுப்புகளை உடைத்து முன்னால் வர, நிகழ்ச்சி இடையில் நிறுத்தப்பட்டது. இதைக் காட்டி ‘நம் சனத்துக்கு ஒழுங்கு தெரியாது’ என்று எழுதியவர்கள் இருந்தார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. மேடை தெரியாத இடத்தில் ஆயிரக்கணக்கானோரை நிறுத்திவிட்டு, அவர்கள் கண்முன்னே வெற்று நாற்காலிகளை வேலி போட்டுக் காத்தால் வேலி தாங்காது. பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் நாளை ஒரு நிகழ்ச்சி நடக்குமானால் ஒரே விலை, குறைந்த விலை, எல்லோருக்கும் தெரியும் மேடை என்று தொடங்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி பெண்களைப் பற்றியது. மேலே சொன்ன தீபாவளிப் புதுப்படத்துக்கு யார் போகிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் இளைஞர்கள். தோட்டத்தின் வருமானத்தைத் தன் விரலால் ஈட்டும் பெண், ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறாள். திரும்பி வந்தால் துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் அந்த ஒரு பகல்தான் அவளுக்கு உண்டு. இரவுக் காட்சி என்றால் குடிபோதைக் கூட்டமும் இருட்டுப் பாதையும் அவளை வீட்டிலேயே இருத்திவிடும். ஆகவே மாலை என்று நான் கேட்பது இரவு பத்து மணி நிகழ்ச்சிகளை மட்டும் என்றால், அது ஆண்களுக்கு இன்னொரு மாலையைக் கொடுத்ததாகத்தான் முடியும். பெண்ணின் மாலைக்கு அவளுடைய வேலை நேரத்திலேயே இடம் வெட்ட வேண்டும். தொழிற்சங்கங்கள் இதுவரை நாட்சம்பளத்தின் தொகைக்காகவும் கொழுந்து நிறையின் அளவுக்காகவும் பேசியிருக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலைக்கு முழுப்பேர் என்று ஒரு கோரிக்கையை அவை ஏன் வைக்கக்கூடாது? மழையில் வேலை நிற்கும் நாட்களையும், கொழுந்து மெலியும் மாதங்களையும் நிர்வாகம் தன் வசதிக்கு ஏற்பக் கணக்குப் பார்க்கும்போது, இந்த அரைநாளால் எந்தக் கம்பனியும் முழுகிவிடாது.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குப் பதுளையில் ஒரு காட்சி, ஐந்தரைக்கு ஓர் இசை நிகழ்ச்சி. மண்டபத்தோடு பிள்ளைமடுவம் போல ஓர் அறை, கைக்குழந்தைகளைப் பார்க்க இரண்டு ஆட்கள். இரவு எட்டரைக்குப் பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, ஹாலிஎலை வழிகளில் இ.போ.ச. பஸ்கள், கடைசித் தோட்டம் வரை. அடுத்த மாதம் அதே ஏற்பாடு பண்டாரவளையில், ஹப்புத்தளை, தம்பேதன்னை, பூனாகலை, கொஸ்லந்தைப் பக்கத்தவர்களுக்கு. மூன்றாவது மாதம் மாசியாக வந்தால் கம்பம் ஊன்றிய தோட்டத்துக்கே எல்லோரும் போகலாம், அன்று பஸ்கள் நகரத்திலிருந்து மலைக்கு ஓடட்டும். கூத்தாடிகளுக்கு இசைக்குழுவுக்குக் கொடுக்கும் அதே சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். இதற்கு ஆகும் டீசலும் மண்டப வாடகையும் ஒரு மாகாணத்தின் வரவு செலவில் கண்ணுக்குத் தெரியாத தொகை. யாரிடம் கேட்பது என்பதுதான் சிக்கல். ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை, ஆளுநரும் அதிகாரிகளும் நிர்வகிக்கிறார்கள். தேர்தல் எப்போது அறிவிக்கப்பட்டாலும் தோட்டத்துக்கு வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் வீட்டைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் கேட்ட கையோடு, எட்டரை மணி பஸ்ஸைப் பற்றியும் கேட்க வேண்டும். அதுவரை பிரதேச சபைகள் காத்திருக்கத் தேவையில்லை. 2018இல் வந்த அதிகாரம் அவற்றின் கையில் இருக்கிறது.